மெக்சிகோவில் யூதப் பூர்வீகம் தேடுவோர்: பெயர் எவ்வளவு சொல்லும், டிஎன்ஏ எவ்வளவு சொல்லும்?

பால்தசார் ரோட்ரிகெஸ். காஸ்பார் தெ கார்வஹால். இசபெல் ரோட்ரிகெஸ் தெ அந்த்ராதா. கத்தலினா தெ லியோன். மரியானா நூன்யெஸ் தெ கார்வஹால். லூயிஸ் தெ கார்வஹால்.

இந்த ஆறு பேரும் கூடப் பிறந்தவர்கள். ஒரே தகப்பன், ஒரே தாய். தகப்பன் பெயர் பிரான்சிஸ்கோ ரோட்ரிகெஸ் தெ மாத்தோஸ், தாய் பெயர் பிரான்சிஸ்கா நூன்யெஸ் தெ கார்வஹால். 1580இல் ஸ்பெயினிலிருந்து மெக்சிகோவுக்கு வந்த குடும்பம் இது. ஒரு பிள்ளை அப்பா வழிப் பெயரை வைத்துக்கொண்டது, இன்னொன்று அம்மா வழிப் பெயரை, மற்றொன்று சொந்தத்தில் மூத்தவர் யாருடையதையோ. அந்தக் காலத்து ஸ்பெயினில் இது சாதாரண விஷயம். தகப்பன் பெயருக்குப் பின் தாய் பெயர் என்று இன்று மெக்சிகோவில் இருக்கும் ஒழுங்கு வெகுகாலம் கழித்துத்தான் உறுதிப்பட்டது.

மெக்சிகோவில் தங்கள் குடும்பத்துக்கு யூத வேர் இருக்குமோ என்று தேடுபவர்கள் நிறையப் பேர். தேடல் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். பாட்டி வெள்ளிக்கிழமை சாயங்காலம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மெழுகுவத்தி ஏற்றுவாள் என்று யாராவது சொல்வார்கள். நம் வீட்டில் பன்றிக்கறி சமைத்ததே இல்லையே என்பார் ஒரு மாமா. இணையத்தில் சுற்றும் 'யூதக் குடும்பப் பெயர்கள்' பட்டியலைத் திறந்தால் அதில் தங்கள் பெயரும் இருக்கும். அப்புறம் எச்சிலைக் குப்பியில் பிடித்து அனுப்புவார்கள். சில வாரம் கழித்துக் கைபேசியில் முடிவு வரும், அதில் ஓர் ஓரத்தில் 'செபார்டிக் யூதர் 2%' என்றிருக்கும். செபார்டிக் என்பது ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளில் வாழ்ந்த யூதர்களையும் அவர்கள் வழி வந்தவர்களையும் குறிக்கும் சொல்.

பெயர், பழக்கம், டிஎன்ஏ. இந்த மூன்றும் ஒரே எடையுள்ள சாட்சிகள் அல்ல. பெயர் தனியாக நின்றால் ஏறக்குறைய எதுவும் சொல்லாது. பழக்கம் துப்புக் கொடுக்கும், அவ்வளவுதான். டிஎன்ஏ ஒரு பெரிய மக்கள்கூட்டத்தைப் பற்றி நிறையச் சொல்லும், ஒரு தனி வீட்டைப் பற்றிச் சொல்லும்போது அதன் குரல் சட்டென்று இறங்கிவிடும். ஆளை ஆளோடு சேர்த்துக் கட்டுவது காகிதம்தான். ஏன் இப்படி என்று புரிய வேண்டுமானால் இந்தக் கதை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

1391 கோடையில் செவில் நகரத்தில் யூதர்கள் மேல் தாக்குதல் தொடங்கியது. அது ஊர் ஊராகப் பரவியது. உயிருக்குப் பயந்து ஏராளமானவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். இவர்களைத்தான் 'கொன்வெர்சோ', அதாவது மதம் மாறியவர், என்றும் 'புதிய கிறிஸ்தவர்' என்றும் அழைத்தார்கள். மாறியபிறகும் சந்தேகம் விடவில்லை. 1449இல் தொலெதோ நகரம், யூத வழி வந்தவர்கள் நகரப் பதவிகளில் இருக்கக் கூடாது என்று ஒரு சட்டமே போட்டது. 'ரத்தத் தூய்மை' என்ற எண்ணம் அப்படித்தான் எழுத்துக்கு ஏறியது. 1480களில் இன்க்விசிஷன் என்னும் மத விசாரணை மன்றம் ஸ்பெயினில் வேலையை ஆரம்பித்தது.

இதில் பலர் தவறவிடும் ஒன்று உண்டு. அந்த மன்றத்துக்கு ஞானஸ்நானம் பெறாத யூதர் மேல் அதிகாரம் கிடையாது. பெயரளவில் கிறிஸ்தவராகி, வீட்டுக்குள் பழைய மதத்தைக் கைவிடாதவர்களைப் பிடிப்பதுதான் அதன் வேலை. மதம் மாறாத யூதர்களை வெளியேற்றியது 1492 மார்ச் 31 தேதியிட்ட அரச ஆணை. ஜூலை முடிவதற்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்றது அது. பெருந்தொகையானவர்கள் எல்லை தாண்டிப் பக்கத்துப் போர்ச்சுகலுக்குப் போனார்கள். அங்கே 1497இல் மன்னர் மனுவேல் அவர்களைக் கூட்டங்கூட்டமாகக் கட்டாயப்படுத்தி மதம் மாற்றினார். போர்ச்சுகலில் விசாரணை மன்றம் வந்தது 1536இல்தான். நடுவில் கிடைத்த அந்த நாற்பது வருடத்தில் ரகசிய வழிபாடு அங்கே வேர்பிடித்துவிட்டது. 1580 முதல் 1640 வரை இரண்டு நாடுகளும் ஒரே மன்னரின் கீழ் இருந்தபோது போர்ச்சுகீசிய வணிகர்கள் மெக்சிகோவுக்கும் பெருவுக்கும் வந்தார்கள். அந்தக் காலத்து ஸ்பானிய அமெரிக்காவில் ஒருவரைப் 'போர்ச்சுகீசியர்' என்று சொன்னாலே, யூதராக இருப்பாரோ என்ற சந்தேகமும் சேர்ந்தே ஒலிக்கும்.

புதிய கிறிஸ்தவர்கள் அமெரிக்கக் கண்டத்துக்குப் போகக் கூடாது என்று 1501லேயே அரச உத்தரவு இருந்தது. உத்தரவு இருந்தது, ஆட்களும் போனார்கள். மெக்சிகோவைப் பிடித்த ஸ்பானியத் தளபதி கோர்தேசோடு வந்து, மெக்சிகோ ஏரியில் போர்ப் படகுகள் கட்ட உதவிய கொல்லர் எர்னாந்தோ அலோன்சோ. ரகசியமாக யூத மதத்தைப் பின்பற்றினார் என்று குற்றம் சாட்டி 1528இல் மெக்சிகோ நகரத்தில் அவரை எரித்தார்கள். அங்கே முறையான விசாரணை மன்றம் அமைவதற்கு 43 வருடம் முன்பு இது.

சரி, முதலில் சொன்ன குடும்பத்துக்கு வருவோம். அம்மா பிரான்சிஸ்காவின் அண்ணன் பெயரும் லூயிஸ் தெ கார்வஹால்தான். 1579இல் மன்னர் இரண்டாம் பிலிப்பு அவருக்கு 'நுவேவோ ரெய்னோ தெ லியோன்' என்ற பெரும் நிலப்பரப்பை ஆளும் உரிமை கொடுத்தார். இன்றைய நுவேவோ லியோன் மாநிலமும் அதைச் சுற்றிய வடகிழக்கு மெக்சிகோவும் அது. குடியேறிகளை வழக்கமான ரத்தத் தூய்மைச் சான்று இல்லாமலே கூட்டிவரலாம் என்ற சலுகையும் அவருக்குக் கிடைத்தது. வடக்கு மெக்சிகோவில் யூத வேர் பற்றிய பேச்சு முழுவதும் இந்தச் சலுகையைச் சுற்றித்தான் நடக்கிறது. மான்டெர்ரே நகரத்துப் பழைய குடும்பங்கள் எல்லாமே மறைவாக வாழ்ந்த யூதர்கள்தான் என்று சொல்பவர்கள் இதைத்தான் சுட்டுவார்கள். ஆனால் கார்வஹாலின் குடியேற்றம் சில வருடங்களில் சிதறிப்போயிற்று. 1596இல் தியேகோ தெ மோன்தெமயோர் 12 குடும்பங்களோடு வந்து மான்டெர்ரேயை மறுபடி நிறுவினார். அவர்களில் கொன்வெர்சோ வழி வந்தவர் யார், வராதவர் யார் என்பதை ஒவ்வொரு குடும்பமாகத்தான் காட்ட முடியும். ஒரு ஊர் மொத்தத்துக்கும் ஒரே முத்திரை குத்த முடியாது.

ஆளுநர் உண்மையான கத்தோலிக்கர். தங்கை குடும்பம் அப்படி இல்லை. 1589இல் கைதுகள் தொடங்கின. தங்கை மகளின் மதத்தைத் தெரிந்தும் மறைத்தார் என்று ஆளுநரைத் தண்டித்தார்கள், அவர் சிறையிலேயே இறந்தார். மருமகன் லூயிஸ் ஒரு தடவை மன்னிப்புப் பெற்று வெளியே வந்து, 1595இல் மறுபடி சிக்கினார். சிறையிலிருந்து அக்கா தங்கைகளுக்குச் செய்தி அனுப்ப அவருக்குத் தாள் இல்லை. அவகாடோ கொட்டையில் எழுத்துகளைக் கீறி, பழத்துக்குள் வைத்து அனுப்பினார். 'தைரியமாக இரு' என்ற வகையான சின்னச் சின்ன வரிகள். அவை நேராக விசாரணை அதிகாரிகள் கைக்குப் போயின. அவர்கள் அதைப் படியெடுத்து வழக்குக் கட்டில் சேர்த்தார்கள். சித்திரவதையில் அவர் நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களைச் சொன்னார். 1596 டிசம்பர் 8 அன்று லூயிஸ், அம்மா பிரான்சிஸ்கா, இசபெல், கத்தலினா, இன்னொரு தங்கை லியோனோர் ஆகியோர் கொல்லப்பட்டார்கள். மரியானாவுக்கு முறை 1601இல் வந்தது.

இந்தக் குடும்பத்தின் பெயர்களை இன்றைய பட்டியல்களோடு வைத்துப் பாருங்கள். ரோட்ரிகெஸ், நூன்யெஸ், லியோன். மெக்சிகோவில் தெருவுக்கு நான்கு பேர் இருப்பார்கள். 'எஸ்' என்று முடியும் பெயரெல்லாம் யூதப் பெயர் என்று ஒரு நம்பிக்கை வெகுகாலமாக உலவுகிறது. அந்த ஈறுக்கு 'இன்னாருடைய மகன்' என்பதுதான் பொருள். ரோட்ரிகெஸ் என்றால் ரோட்ரிகோவின் மகன், மார்த்தினெஸ் என்றால் மார்த்தினின் மகன். மெக்சிகோவில் அதிகம் பேர் வைத்திருக்கும் பெயரான எர்னாந்தெஸ், எர்னாந்தோவின் மகன். மதம் மாறியவர்கள் இந்தப் பெயர்களை எடுத்ததற்குக் காரணமே இவை எங்கும் இருந்ததுதான். கூட்டத்தில் கரைய நினைப்பவர் கூட்டத்தின் பெயரைத்தான் எடுப்பார். ஞானத்தந்தையாக நின்ற பிரபுவின் பெயரையும் எடுத்தார்கள். அதனால் ஒரே பெயர் பிரபு வீட்டிலும் இருக்கும், அவர் கைபிடித்து ஞானஸ்நானம் பெற்ற யூதர் வீட்டிலும் இருக்கும்.

இன்னும் கூர்மையான உதாரணம் ஒன்று. ஸ்பெயினின் புர்கோஸ் நகரத்து ரப்பி, அதாவது யூத மதகுரு, சாலமோன் ஹலேவி 1390ஐ ஒட்டி மதம் மாறி, பின்னால் அதே ஊரின் ஆயரானார். அவர் எடுத்துக்கொண்ட பெயர் பாப்லோ தெ சாந்தா மரியா. இதைவிடக் கிறிஸ்தவமான பெயர் வேறு எது? எதிர்ப்பக்கத்திலும் ஒன்று சொல்லலாம். 1649இல் மெக்சிகோ நகரத்தில் நடந்த மாபெரும் தண்டனைச் சடங்கில் 109 பேருக்குத் தண்டனை, 13 பேருக்கு மரணம். பன்னிரண்டு பேரைக் கழுத்தை நெரித்துக் கொன்றபிறகு எரித்தார்கள். தோமாஸ் ட்ரெவின்யோ தெ சோப்ரெமோன்தே ஒருவர்தான் கடைசிவரை பணியாமல் உயிரோடு எரிந்தார். ட்ரெவின்யோ என்பது மான்டெர்ரேயில் இன்றும் பெயர்பெற்ற குடும்பப் பெயர். பட்டியல் போடுபவர்கள் இவரை உடனே மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அந்தப் பெயர் அவருக்குத் தகப்பன் வழியில் வந்தது, தகப்பன் 'பழைய கிறிஸ்தவர்', அதாவது யூத வழி வராதவர். யூத மதம் வந்தது தாய் லியோனோர் மார்த்தினெஸ் தெ வில்லகோமெஸ் வழியில். தோமாஸ் எந்த நம்பிக்கைக்காக உயிரைக் கொடுத்தாரோ, அதற்கும் அவருடைய குடும்பப் பெயருக்கும் தொடர்பே இல்லை.

பெயர் ரத்தத்தோடு வருவதில்லை என்பதைத் தமிழர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்ச்சுகீசியரிடம் ஞானஸ்நானம் பெற்றபோது வந்த பெயர்கள்தான் தூத்துக்குடிப் பக்கத்து பெர்னாண்டோவும் மச்சாதோவும் ரோச்சும். இலங்கையில் பெரேராவும் சில்வாவும் அப்படி வந்தவைதான். பெரேரா இணையப் பட்டியல்களில் 'யூதப் பெயராக'த் தவறாமல் இடம்பெறும். மெக்சிகோவிலும் இதே கதைதான், அளவு மட்டும் பெரிது. மண்ணின் பூர்வகுடிகளும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் ஞானஸ்நானத்தின்போது பாதிரியாரின் பெயரையோ பண்ணை முதலாளியின் பெயரையோ பெற்றார்கள். இன்று மென்தெஸ் என்ற பெயரோடு இருப்பவருக்கு அந்தப் பெயர் லிஸ்பன் வணிகரிடமிருந்தும் வந்திருக்கலாம், அந்த வணிகரின் வீட்டில் உழைத்த நவாட்டில் மொழி பேசும் ஒரு பூர்வகுடிப் பெண்ணிடமிருந்தும் வந்திருக்கலாம்.

பிறகு இந்தப் பட்டியல்களுக்கு இவ்வளவு மவுசு எப்படி வந்தது? ஒரு பங்கு ஸ்பெயின் சட்டத்துக்கு. 1492இல் வெளியேற்றப்பட்டவர்களின் வாரிசுகளுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2015இல் நிறைவேறியது, விண்ணப்பிக்க 2019 அக்டோபர் வரை நேரம் இருந்தது. 1,30,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் போயின. மெக்சிகோவிலிருந்து போனவை அவற்றில் கணிசம். சட்டத்தின் வரைவு 2014இல் வந்தபோதே, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் கொண்ட 'அதிகாரபூர்வப் பட்டியல்' ஒன்று உலகமெல்லாம் சுற்றியது. ஸ்பெயின் அரசு அப்படி எதையும் வெளியிடவே இல்லை. சட்டம் குடும்பப் பெயரை ஒரு சான்றாக ஏற்றது உண்மை. ஆனால் அந்தப் பெயர் செபார்டிக் வழியைச் சேர்ந்தது என்று தகுதியுள்ள அமைப்பு காரணங்களோடு எழுதிய அறிக்கை வேண்டியிருந்தது, மற்ற சான்றுகளோடு சேர்த்தே அதை எடைபோட்டார்கள். பட்டியலில் பெயரைப் பார்த்து நம்பிக்கையோடு பணம் சேர்த்தவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

பழக்கங்களுக்கு வருவோம். சனிக்கிழமை சுத்தமான சட்டை மாற்றுவது, இறைச்சியில் கொழுப்பை நீக்குவது, பன்றியையும் செதிலில்லா மீனையும் தவிர்ப்பது, சாகும் தறுவாயில் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்புவது, சாவு விழுந்த வீட்டில் பானைத் தண்ணீரைக் கொட்டுவது. இதெல்லாம் விசாரணை மன்றத்தின் ஆணையில் இருந்த அடையாளங்கள். 'பக்கத்து வீட்டில் இப்படிப் பார்த்தால் வந்து சொல்லுங்கள்' என்று கோவிலில் உரக்கப் படிப்பார்கள். இதற்கு ஒரு விநோதமான பின்விளைவு உண்டு. ரப்பியும் நூலும் இல்லாமல் வாழ்ந்த குடும்பங்களுக்குத் தங்கள் மதத்தின் விதிகளை நினைவூட்டியதே அந்த ஆணைதான்.

அந்த நினைவு இருபதாம் நூற்றாண்டுப் பாட்டி வரை வந்திருக்குமா? 1848 வரை மெக்சிகோவின் பகுதியாக இருந்த நியூ மெக்சிகோவில் இது பற்றிக் கடுமையான விவாதம் நடந்திருக்கிறது. அங்கே அரசு வரலாற்றாளராக இருந்த ஸ்டான்லி ஹோர்டெஸ், தன்னிடம் வந்து குடும்ப ரகசியங்களைச் சொன்னவர்களைத் தொடர்ந்து ஆவணங்களில் அவர்களுடைய வேர்களைத் தேடினார். நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் ஜூடித் நியூலாண்டர், இந்தப் பழக்கங்களில் பல சனிக்கிழமையைப் புனிதமாகக் கொள்ளும் புராட்டஸ்டன்ட் சபைகளிலிருந்து பிற்காலத்தில் வந்தவை என்று வாதிட்டார். என் பார்வையில் நியூலாண்டரின் எச்சரிக்கை அவசியமானது, ஆனால் எல்லாவற்றையும் அது தள்ளிவிடாது. கத்தோலிக்க வீட்டில் மெழுகுவத்தி ஏற்ற ஆயிரம் காரணம் உண்டு. மான்டெர்ரேயின் புகழ்பெற்ற ஆட்டுக்குட்டிக் கறி யூத உணவின் மிச்சம் என்பார்கள். அது வறண்ட பூமி, ஆடுதான் பிழைக்கும். வேறு எளிய விளக்கம் உள்ள பழக்கத்தை ஆதாரமாக்க முடியாது. அதே சமயம், சாகும்போது மகளைக் கூப்பிட்டு 'நாம் யூதர்கள்' என்று ஒரு பாட்டி சொல்லியிருந்தால், அந்த வாக்கியத்தைத் தூக்கி எறியவும் கூடாது. ஒரு நோட்டில் தேதி போட்டு, சொன்னது யார், கேட்டது யார் என்று எழுதி வைக்க வேண்டும்.

குடும்பக் கதை எவ்வளவு உறுதியாகச் சொல்லப்பட்டாலும் சோதிக்காமல் இருக்க முடியாது. ஓவியர் ஃப்ரீடா காலோ தன் தகப்பன் ஹங்கேரிய யூத வழி வந்தவர் என்று சொல்லிவந்தார், உலகமும் நம்பியது. ஜெர்மானியப் பதிவேடுகளைத் தேடி 2005இல் வெளியான ஆய்வு, காலோ குடும்பம் தலைமுறை தலைமுறையாக லூத்தரன் கிறிஸ்தவர்கள் என்று காட்டியது.

இனி டிஎன்ஏ. பரிசோதனை நிறுவனம் எச்சிலில் உள்ள டிஎன்ஏவில் பல லட்சம் புள்ளிகளைப் படித்து, இன்று வாழும் பல மக்கள்கூட்டங்களின் மாதிரிகளோடு ஒப்பிடுகிறது. ஒப்பிட எடுத்துக்கொண்ட மாதிரி எப்படியோ, விடையும் அப்படித்தான். கிழக்கு ஐரோப்பிய யூதர்களான அஷ்கெனாசிகளைக் கண்டுபிடிப்பது சுலபம். 600 முதல் 800 வருடங்களுக்கு முன் சில நூறு பேராகச் சுருங்கி, பிறகு தங்களுக்குள்ளேயே மணந்து பெருகியவர்கள் அவர்கள், அதனால் அவர்களிடையே நீளமான ஒரே மாதிரித் துண்டுகள் இருக்கின்றன. செபார்டிக் யூதர்களிடம் அந்தக் கூர்மை இல்லை. ஸ்பெயினில் ஆயிரம் வருடத்துக்கு மேல் வாழ்ந்து, துருக்கி, கிரேக்கம், பல்கேரியா, வட ஆப்பிரிக்கா என்று பிரிந்துபோனவர்கள். அவர்களுடைய டிஎன்ஏ தெற்கு இத்தாலியர், கிரேக்கர், லெபனானியர் ஆகியோருக்கும் நெருக்கமாகத் தெரியும். மெக்சிகோவுக்கு 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து லெபனான் கிறிஸ்தவர்கள் ஏராளமாக வந்திருக்கிறார்கள். மறந்துபோன ஒரு லெபனானியக் கொள்ளுப்பாட்டியும் உங்கள் முடிவில் 'கிழக்கு மத்தியதரைக்கடல்' என்று வந்து நிற்கலாம். அதே காலகட்டத்தில்தான் அலெப்போ, டமாஸ்கஸ், துருக்கி, பால்கன், கிழக்கு ஐரோப்பா ஆகிய இடங்களிலிருந்து யூதர்களும் வந்தார்கள். இன்றைய ஜனாதிபதி கிளாடியா ஷெயின்பாம் அந்தக் குடியேற்றத்தின் வழி வந்தவர், தகப்பன் பக்கம் லித்துவேனியா, தாய் பக்கம் பல்கேரியா. முடிவில் தெளிவான அஷ்கெனாசி விழுக்காடு வந்தால் 1580ஐ விட்டுவிட்டு 1920களைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1580க்கும் இன்றைய ஓர் இளைஞருக்கும் நடுவே சுமார் 14 தலைமுறை. ஒவ்வொரு தலைமுறைக்கும் மூதாதைகள் இரண்டிரண்டு மடங்காகப் பெருக, 14ஆம் தலைமுறையில் 16,384 இடங்கள் வரும். அதில் ஓர் இடத்தில் மட்டும் ஒரு கொன்வெர்சோ இருந்தால் சராசரிப் பங்கு 0.006 விழுக்காடு. அதுவும் சராசரிதான். டிஎன்ஏ துண்டு துண்டாகத்தான் கைமாறுகிறது, பத்துத் தலைமுறைக்கு முன் இருந்த மூதாதைகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடமிருந்து நமக்கு ஒரு துண்டுகூட வந்து சேர்வதில்லை. அதாவது, உண்மையிலேயே கார்வஹால் வீட்டு வாரிசாக இருப்பவருக்கும் பரிசோதனையில் பூஜ்யம் வரலாம். மறுபக்கம், 2 அல்லது 3 விழுக்காடு வந்தால் அதை ஒரே ஒரு தூரத்து மூதாதையால் விளக்க முடியாது. பல கிளைகளில் அப்படிப்பட்டவர்கள் இருந்திருக்க வேண்டும், அல்லது சமீபத்துக் குடியேறி ஒருவர் இருக்க வேண்டும், அல்லது கணிப்பில் தற்செயலாக வரும் பிழையாக இருக்க வேண்டும். ஒரே எச்சிலுக்கு இரண்டு நிறுவனங்கள் இரண்டு விடை தருவதும், அடுத்த வருடம் கணிப்பு முறையைப் புதுப்பித்தவுடன் அந்த 2% மறைந்துபோவதும் இதனால்தான்.

'பல கிளைகள்' என்பது வடக்கு மெக்சிகோவில் வெறும் கற்பனை அல்ல. ஆள் குறைவான, தூரம் அதிகமான பூமி. சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொண்டார்கள். ஒரே மூதாதை ஒருவருடைய வம்சவிருட்சத்தில் இருபது இடத்தில் வருவதும் நடக்கும்.

தனி ஆளை விட்டுக் கூட்டத்தைப் பார்த்தால் டிஎன்ஏவின் பேச்சு தெளிவாகிறது. பிரேசில், சிலே, கொலம்பியா, மெக்சிகோ, பெரு ஆகிய ஐந்து நாடுகளில் 6,500க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2018இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவரிடம், செபார்டிக் யூதர், வட ஆப்பிரிக்கர் போன்ற தெற்கு, கிழக்கு மத்தியதரைக்கடல் மக்களோடு ஒத்துப்போகும் பங்கு 5 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. கலப்பு நடந்த காலம் குடியேற்றத்தின் ஆரம்பத்தோடு பொருந்துகிறது. 1501 உத்தரவையும் மீறி, பதிவேட்டில் ஏறாமல் எத்தனை பேர் கடல் தாண்டினார்கள் என்பதற்கு இவ்வளவு பலமான சாட்சி எந்தப் பதிவேட்டிலும் இல்லை. எனக்கு இந்த ஆய்வு முக்கியமாகப் படுவது அதனால்தான். ஆனால் 'நான்கில் ஒருவர் யூத வாரிசு' என்று செய்தித் தலைப்புகள் சுருக்கியது சரியல்ல. அந்த மத்தியதரைக்கடல் சாயலில் முஸ்லிம் ஸ்பெயினின் பங்கும் கலந்திருக்கிறது.

ஒய் குரோமோசோம் பரிசோதனை தகப்பனுக்குத் தகப்பன் என்று ஒரே கோட்டில் போகும். 16,384 இடங்களில் ஒன்றைத்தான் அது காட்டும். முடிவில் ஜே1, ஜே2 என்ற தந்தைவழி மரபுக் குழுக்கள் வந்தால் யூதர் என்று துள்ளுபவர்கள் உண்டு. அந்தக் குழுக்கள் அரேபியர், லெபனானியர், இத்தாலியர், கிரேக்கர் எல்லாரிடமும் இருக்கின்றன. அடிக்கிளை வரை ஆழமாகச் சோதித்து, ஆவணமுள்ள செபார்டிக் குடும்பத்தோடு நெருங்கிப் பொருந்தினால் மட்டுமே அதற்கு மதிப்பு. தாய்வழிக் கோட்டைக் காட்டும் மைட்டோகாண்ட்ரியா பரிசோதனையில் பெரும்பாலான மெக்சிகர்களுக்கு வரும் விடை வேறு. யூத மதச் சட்டம் தாய்வழியைத்தான் கணக்கில் எடுக்கும் என்பதால் ஆவலோடு இதைச் செய்பவர்களுக்கு, அந்தக் கோட்டின் கடைசியில் நிற்பவள் மண்ணின் பூர்வகுடிப் பெண் ஒருத்தி என்று தெரியவரும். அவள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. 'யூதம் இல்லையா' என்று ஏமாந்து அந்தப் பக்கத்தை மூடிவிடாமல், அவளையும் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

உடல்நலத்தோடு சேர்ந்த ஒரு விஷயம் இருக்கிறது, அதை அடையாளத் தேடலோடு குழப்பக் கூடாது. பிஆர்சிஏ1 என்ற மரபணுவில் '185டெல்ஏஜி' என்ற மாற்றம் மார்பகம், சினைப்பை ஆகியவற்றில் புற்றுநோய் வரும் அபாயத்தை வெகுவாகக் கூட்டும். அஷ்கெனாசி யூதர்களில் ஏறக்குறைய நூறில் ஒருவரிடம் அது இருக்கிறது. கொலராடோவின் சான் லூயிஸ் பள்ளத்தாக்கில், தலைமுறைகளாகக் கத்தோலிக்கர்களாக வாழ்ந்த ஸ்பானிய வழிக் குடும்பங்களில் அதே மாற்றம் தெரியவந்தது. மெக்சிகோ வழி வந்தவர்களிடம் தனியாகத் தோன்றிய வேறொரு பிஆர்சிஏ1 மாற்றமும் பரவலாக உண்டு, அதற்கும் யூதப் பூர்வீகத்துக்கும் சம்பந்தமில்லை. வீட்டில் இளவயதிலேயே இந்தப் புற்றுநோய் வந்தவர்கள் இருந்தால், மூதாதை யார் என்று தெரியும் வரை காத்திராமல் மரபணு ஆலோசகரைப் பார்த்துவிட வேண்டும். பூர்வீகம் காட்டும் சாதாரண எச்சில் பரிசோதனை இந்த வேலைக்குப் போதாது.

கடைசியாக, காகிதம். மெக்சிகோவில் சிவில் பதிவு 1859இல் ஹுவாரெஸ் அரசின் சட்டத்தோடு தொடங்கியது. அதற்கு முன்னால் போகத் தேவாலயப் பதிவேடுகள்தான் வழி. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம். இவற்றில் பெரும்பகுதி நுண்படமாகி, இன்று ஃபேமிலிசர்ச் என்னும் வம்சாவளி இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தன்னிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாகப் பின்னால் போக வேண்டும். 1600இல் இருக்கும் புகழ்பெற்ற பெயரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி வருபவர்கள்தான் வழி தவறுகிறார்கள். தேடுபவர்களுக்கு உண்மையான புதையல் 'திஸ்பென்சா' எனப்படும் திருமண விலக்குக் கோப்புகள். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்ய ஆயரிடம் அனுமதி வாங்க வேண்டும். அதற்காக மணமகனும் மணமகளும் எந்தப் பாட்டனில் சந்திக்கிறார்கள் என்று பாதிரியார் மரப்படம் போட்டுக் காட்டுவார். ஒரே தாளில் நான்கு தலைமுறை, தாய்வழிப் பெயர்களோடு.

அப்படி மேலே போய், 1600களில் ஒரு பெயர் விசாரணை மன்றத்தின் வழக்கில் நின்றால், மெக்சிகோ நகரத்துத் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். பழைய லெகும்பெர்ரி சிறைச்சாலைக் கட்டடத்தில் அது இருக்கிறது. விசாரணையின் தொடக்கத்திலேயே கைதியை உட்காரவைத்து வம்சாவளி கேட்பார்கள். அப்பா, அம்மா, இரண்டு பக்கத் தாத்தா பாட்டி, பெரியப்பா, அத்தை, மாமா, உடன்பிறந்தவர், பிள்ளைகள். ஒவ்வொருவரும் எந்த ஊர், என்ன தொழில், உயிரோடு இருக்கிறார்களா. 'எந்தச் சாதி, எந்த வம்சம்' என்றும் ஒரு கேள்வி உண்டு. எழுத்தர் ஒன்றுவிடாமல் எழுதுவார், அடுத்து யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டுமே. நானூறு வருடம் கழித்து ஒரு குடும்பம் தன் ஆட்களைக் கண்டுபிடிக்க இதைவிட முழுமையான தாள் வேறு இல்லை. அந்தத் தாளில் இருக்கும் ஒவ்வொரு பெயரும் பயத்தில் சொல்லப்பட்டது.

இளைய லூயிஸ் தன் வாழ்க்கையையும் எழுதி வைத்திருந்தார். உள்ளங்கையில் அடங்கும் சின்னப் புத்தகம், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்து. 1932இல் அது காப்பகத்திலிருந்து காணாமல் போயிற்று. 2016இல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தபோது, அமெரிக்கச் சேகரிப்பாளர் லெனார்ட் மில்பெர்க் அது திருடுபோன கையெழுத்துப் பிரதியாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டார். அவருடைய முயற்சியால் 2017இல் அது மெக்சிகோவுக்குத் திரும்பியது. அதில் லூயிஸ் தன்னைக் கார்வஹால் என்று சொல்லவில்லை, ரோட்ரிகெஸ் என்றும் சொல்லவில்லை. அவரே சூட்டிக்கொண்ட பெயர் யோசே லும்ப்ரோசோ. ஒளி பெற்றவன் என்று பொருள். அண்ணன் பால்தசாரும் தம்பி மிகேலும் ஐரோப்பாவுக்குத் தப்பிப் போய் வெளிப்படையாக யூதர்களாக வாழ்ந்தபோது வைத்துக்கொண்ட குடும்பப் பெயரும் அதுதான்.